மணிமேகலை நுழைந்த பின் விழும் சர்வர்: சி நிரலின் நினைவகப் பிழைகளை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

எழுத்தை மட்டுமே வைத்து நடக்கும் விளையாட்டில் சர்வர் விழுவது ஒருவருக்கு மட்டும் வரும் இடைஞ்சல் அல்ல. பத்துப் பேர் ஒரு குகைக்குள் நின்று ஒரே அரக்கனோடு மோதிக்கொண்டிருப்பார்கள். நிரல் விழுந்த கணத்தில் பத்துத் திரைகளும் உறைந்துவிடும். கடைசியாகச் சேமித்த பிறகு கிடைத்ததெல்லாம் போய்விடும். அந்த இரவை நம் விளையாட்டுக்காக ஒதுக்கி வந்தவர்கள் அவர்கள். அதனால்தான் ‘மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

சி மொழியில் நினைவகத்தைக் கெடுக்கும் வரி ஒன்று. அதன் விளைவாக நிரல் விழும் வரி வேறொன்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். விழுந்த வரி, பிணம் கிடந்த இடத்தை மட்டும் காட்டும். ஆனால் பிணம் கிடக்கும் விதத்தில் துப்பு இருக்கும். எந்த முகவரியில் விழுந்தது, எந்தச் செய்தி வந்தது, யார் என்ன செய்தபோது நடந்தது என்று பார்த்தால் தேட வேண்டிய பரப்பு பாதிக்கு மேல் சுருங்கிவிடும்.

1990களின் தொடக்கத்தில் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய டிகு மட் (‘மட்’ என்பது பலர் சேர்ந்து ஆடும் எழுத்து விளையாட்டு), அதன் வழிவந்த மெர்க், சர்க்கிள், ராம் ஆகிய நிரல்களை எடுத்து வளர்த்தவர்களுக்கு இங்கே வரும் பிழைகளில் பல பழக்கமான முகங்களாக இருக்கும். சொந்தமாக எழுதியவர்களுக்கும் இவை பொருந்தும். 64 பிட் லினக்ஸில் ஜிசிசி கம்பைலரும் ஜிலிப்சி நூலகமும் கொண்டு ஓடும் சர்வரை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

## தேடத் தொடங்கும் முன்

முதலில் எல்லா ஆப்ஜெக்ட் கோப்புகளையும் அழித்துவிட்டு முழு நிரலையும் புதிதாகக் கம்பைல் செய்யுங்கள். இது சடங்கு அல்ல. பழைய மேக்ஃபைல்களில் (எதை எப்படிக் கம்பைல் செய்வது என்று சொல்லும் கோப்புகள்) ஹெடர் கோப்பு மாறினால் எந்தெந்த சி கோப்புகளை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும் என்ற குறிப்பே பெரும்பாலும் இருக்காது. ஆட்டக்காரரின் ஸ்ட்ரக்டில் (அவர் விவரங்களை ஒன்றாக வைக்கும் அமைப்பு) நடுவே ஒரு புதிய புலத்தைச் சேர்க்கிறீர்கள். சண்டைக் கோப்பு மட்டும் புதிதாகிறது, கடைக் கோப்பு பழையபடியே இருக்கிறது. இனி ஒன்று பொற்காசுகளை 48ஆம் பைட்டில் தேடும், மற்றொன்று 56ஆம் பைட்டில் எழுதும். அதன் பிறகு நடப்பதற்கு எந்தத் தர்க்கமும் இருக்காது. கம்பைலரின் ‘எம்எம்டி’ கொடியைச் சேர்த்தால் இந்தச் சார்புக் குறிப்புகளை அதுவே எழுதித் தரும். மேக்ஃபைல் அந்தக் குறிப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை அன்றோடு தீர்ந்தது.

அடுத்து, பிழைதேடும் விவரங்களைச் சேர்க்கும் ‘ஜி’ கொடியோடும் முக்கியமான எச்சரிக்கைகளைக் காட்டும் ‘வால்’ கொடியோடும் கம்பைல் செய்யுங்கள். தேடும் காலத்துக்கு மட்டும் மேம்படுத்தலை 0 நிலையில் வையுங்கள். சர்வரைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் கோர் கோப்பின் (நிரல் விழும் கணத்தில் அதன் நினைவகத்தைப் படம்பிடித்து வைக்கும் கோப்பு) அளவுக்கு வரம்பில்லை என்று ‘யூலிமிட்’ மூலம் சொல்லுங்கள். சிஸ்டம்டி உள்ள கணினிகளில் கோர் கோப்பு நம் அடைவில் விழாமல் அதன் சொந்தக் கிடங்குக்குப் போய்விடுவது உண்டு. அங்கே ‘கோர்டம்ப்சிடிஎல்’ கட்டளையால் எடுக்கலாம். விழுந்ததும் தானாக மறுபடி ஓட்டும் ஸ்கிரிப்ட் பழைய கோர் கோப்பின் மேலேயே புதியதை எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோர் கோப்பை உண்டாக்கிய அதே இயங்கு கோப்பையும் உடன் எடுத்து வையுங்கள். நடுவில் ஒரு முறை கம்பைல் செய்துவிட்டால், பிழைதேடும் கருவியான ஜிடிபி காட்டும் வரி எண்கள் எல்லாம் பொய்யாகிவிடும்.

வெளியேறிய எண்ணையும் பாருங்கள். 139 என்றால் 128உடன் 11ஆம் சிக்னல், அதாவது நமக்கு உரிமையில்லாத முகவரியைத் தொட்டிருக்கிறோம். 134 என்றால் பெரும்பாலும் நூலகமே ஏதோ கெட்டிருப்பதைக் கண்டு நிரலை நிறுத்தியிருக்கிறது. 137 என்றால் வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள். நினைவகம் தீர்ந்துபோய் லினக்ஸே கொன்றிருக்க வாய்ப்பு அதிகம், அதைக் கடைசியில் பார்ப்போம்.

## ஒவ்வொரு முறையும் ஒரே வரியில், மிகச் சிறிய முகவரியில் விழுகிறது

இது எளிய வகை. கோர் கோப்பை ஜிடிபியில் திறந்து ‘பேக்ட்ரேஸ்’ கொடுங்கள்; எந்தச் செயற்கூறு எதை அழைத்து இங்கே வந்தது என்று வரிசையாகக் காட்டும். தொட முயன்ற முகவரி, பதினாறடிமானத்தில் 18 என்று இருக்கிறது என்று வையுங்கள். நம் கணக்கில் 24. அவ்வளவு சிறிய முகவரியில் நம்முடையது எதுவும் இருக்காது. வெற்றுச் சுட்டி (எந்த முகவரியையும் காட்டாத பாயின்டர்) ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது காட்டும் ஸ்ட்ரக்டின் 24ஆம் பைட்டில் உள்ள புலத்தைக் கேட்டிருக்கிறோம் என்பதே இதன் பொருள். ஆட்டக்காரர் நிற்கும் அறையின் ஆள்பட்டியலை எடுக்கும் வரி என்றால், ஆட்டக்காரர் இருக்கிறார், அவருக்கு அறை இல்லை.

உடனே ‘சுட்டி வெறுமையாக இருந்தால் திரும்பிவிடு’ என்று ஒரு நிபந்தனை போட்டு முடித்துவிடத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். அறை இல்லாத ஆள் அங்கே வந்தது எப்படி என்பதே கேள்வி. ஓர் அறையிலிருந்து எடுத்து அடுத்த அறையில் வைக்கும் இரண்டு வரிகளுக்கு நடுவில் யாராவது ஒரு தூண்டுநிரலை (ஒரு நிகழ்வு நடந்ததும் தானாக ஓடும் சிறு நிரல்) ஓட்டியிருக்கலாம். அல்லது அந்த ஆள் ஏற்கெனவே இறந்து, பாதி அகற்றப்பட்ட நிலையில் இருக்கலாம். இரண்டாவது என்றால் நீங்கள் போட்ட நிபந்தனை இன்றைய விழுகையை மறைத்து, அடுத்த வாரத்துக்கு இதைவிட மோசமான ஒன்றைத் தள்ளிவைக்கும். ‘அப்’ கட்டளையால் அழைப்புகளில் ஒவ்வொன்றாக மேலே ஏறி, அந்தச் சுட்டி எந்தச் செயற்கூறிலிருந்து கைமாறி வந்தது என்று பாருங்கள்.

## சுட்டியின் மதிப்பு பெரிய, விசித்திரமான எண்ணாக இருக்கிறது

ஒரு முறை எனக்கு வந்த சுட்டியின் மதிப்பு பதினாறடிமானத்தில் 2030303120303035. இது முகவரியே அல்ல. இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்துப் பின்னாலிருந்து படியுங்கள்: 35, 30, 30, 20, 31, 30, 30, 20. ஆஸ்கி அட்டவணையில் 30 முதல் 39 வரை 0 முதல் 9 வரையான இலக்கங்கள்; 20 என்பது இடைவெளி. அப்படியானால் அந்தச் சுட்டிக்குள் உட்கார்ந்திருந்தது ‘500 100 ’ என்ற எழுத்து. ஆட்டக்காரரின் திரையில் உயிர் 500, மந்திரசக்தி 100 என்று காட்டும் வரி, தனக்கு ஒதுக்கிய பஃபரை (எழுத்தைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) தாண்டி வழிந்து, பக்கத்தில் இருந்த சுட்டியின் மேல் எழுதப்பட்டிருந்தது. வழிந்த எழுத்தைப் படித்த பிறகு அதை எழுதிய வரியைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்களே ஆயின.

சுட்டி பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தால் எப்போதும் முதலில் அதை எழுத்தாகப் படித்துப் பாருங்கள். எழுத்து விளையாட்டில் வழிவது பெரும்பாலும் எழுத்துதான்.

வழியும் இடங்கள் அநேகமாக இவை: யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் (கூட்டம் கூடும் நாளில்தான் வழியும்), பையில் உள்ள பொருள்களின் பட்டியல், ஆட்டக்காரர் தானே எழுதிக்கொள்ளும் பட்டப்பெயர், வண்ணக் குறியீடுகளை விரிக்கும் செயற்கூறு. ‘எஸ்பிரின்ட்எஃப்’, ‘ஸ்டர்கேட்’ இரண்டையும் நிரல் முழுக்கத் தேடி, அளவு கேட்கும் ‘எஸ்என்பிரின்ட்எஃப்’புக்கு மாற்றுவது நல்ல வேலை. ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. அது திருப்பித் தருவது, எழுதிய பைட்டுகளின் எண்ணிக்கையை அல்ல. இடம் இருந்திருந்தால் எவ்வளவு எழுதியிருக்கும் என்ற எண்ணிக்கையை. அந்த எண்ணைக் கூட்டிக்கொண்டே போய், பஃபரின் அளவிலிருந்து கழித்து, மீதியை அடுத்த அழைப்புக்குக் கொடுப்பவர்கள் பலர். ஒரு முறை இடம் போதாமல் போனால் கழித்தல் சுழியத்துக்குக் கீழே போகும். குறியில்லா எண் (கழித்தல் குறி ஏற்காதது) என்பதால் அது கோடானுகோடி பைட்டாகத் தோன்றும். பாதுகாப்புக்குப் போட்ட செயற்கூறே எல்லையில்லாமல் எழுதத் தொடங்கிவிடும். ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் மொத்தம் பஃபரின் அளவைத் தொட்டுவிட்டதா என்று பார்த்து, தொட்டிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

தமிழில் விளையாட விடுகிறீர்கள் என்றால் இன்னொரு கணக்கும் சேர்கிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். கண்ணுக்கு மூன்று எழுத்தாகத் தெரியும் ‘தமிழ்’, குறியீட்டுக் கணக்கில் ஐந்து; பைட் கணக்கில் 15; சரம் முடிந்தது என்று காட்டும் முடிவுப் பூஜ்ஜியத்தோடு 16. பன்னிரண்டு எழுத்துக்குப் போதும் என்று ஒதுக்கிய இடத்தில் இது உட்காராது. தவிர, இந்த பைட்டுகள் எல்லாம் 127க்கு மேற்பட்டவை. எக்ஸ்86 கணினிகளில் ‘சார்’ வகை குறியுள்ள எண் என்பதால் இவை எதிர்ம எண்களாகிவிடும். எழுத்தையே குறியெண்ணாக வைத்து ஓர் அட்டவணையைப் பார்க்கும் வரி, அந்த அட்டவணைக்கு முன்னால் உள்ள நினைவகத்தைப் படிக்கும். அத்தகைய ஒவ்வொரு இடத்திலும் முதலில் ‘அன்சைன்ட் சார்’ ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

## மாலாக், ஃப்ரீ ஆகியவற்றுக்குள்ளேயே விழுகிறது

நினைவகத்தை வாங்கித் தரும் செயற்கூறு மாலாக், அதைத் திருப்பித் தருவது ஃப்ரீ. பேக்ட்ரேஸின் உச்சியில் உங்கள் நிரலே இல்லை. நூலகத்தின் செயற்கூறுகள் மட்டும் இருக்கின்றன. பதிவேட்டில் ஒரே துண்டை இரண்டு முறை திருப்பித் தந்ததாகவோ, செல்லாத சுட்டியைத் தந்ததாகவோ, அளவு கெட்டிருப்பதாகவோ ஜிலிப்சியின் செய்தி இருக்கும். நூலகத்தைச் சந்தேகிக்க வேண்டாம். எங்கோ, எப்போதோ நம் நிரல் அதன் கணக்கேட்டின் மேல் எழுதியிருக்கிறது.

செல்லாத சுட்டி என்ற செய்தி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, மேற்கோள் குறிக்குள் எழுதிய நிலையான சரத்தை யாராவது ஃப்ரீ செய்கிறார்களா என்பது. புதிய எதிரிக்குத் தொடக்கப் பெயராக ஒரு நிலையான சரத்தை நேரே கொடுத்துவிட்டு, அவன் சாகும்போது பெயரை ஃப்ரீ செய்வது அன்றாடம் நடக்கும் தவறு. ‘ஸ்டர்டூப்’ மூலம் நகலெடுத்துக் கொடுத்தால் தீர்ந்தது.

அளவு கெட்டது என்ற செய்திக்குத்தான் பொறுமை வேண்டும். மாலாக் தரும் ஒவ்வொரு துண்டுக்கும் சற்று முன்னால் அதன் அளவு எழுதப்பட்டிருக்கும். 64 பிட் ஜிலிப்சியில் நமக்குப் பயன்படும் இடம் 24, 40, 56, 72 என்று 16 பைட் படிகளாகவே கிடைக்கும். 15 பைட் கேட்டாலும் கையில் வருவது 24. இப்போது பெயரைச் சேமிக்கும் இடத்தில் யாரோ நீளத்தை மட்டும் கேட்டு, முடிவுப் பூஜ்ஜியத்துக்கு ஒன்று கூட்ட மறந்துவிட்டார் என்று வையுங்கள். மாதவி உள்ளே வருகிறாள்: 15 பைட். பூஜ்ஜியம் 16ஆம் பைட்டில் விழுகிறது, இடம் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. கண்ணகி வருகிறாள்: 18 பைட், அதுவும் நலம். மாதக் கணக்கில் எல்லோரும் ஆடுகிறார்கள். ஒரு நாள் மணிமேகலை வருகிறாள். எட்டுக் குறியீடு, சரியாக 24 பைட். அந்த ஒற்றைப் பூஜ்ஜியம் 25ஆம் பைட்டில், அதாவது அடுத்த துண்டின் அளவு எழுதியிருக்கும் இடத்தில் விழுகிறது. அப்போதும் எதுவும் நடக்காது. பல நிமிடங்கள் கழித்து, அடுத்த துண்டுக்குச் சொந்தமான ஏதோ ஒரு பொருளை யாரோ கீழே போட்டு அது அழியும்போது சர்வர் விழும். பேக்ட்ரேஸ் பொருளைக் காட்டும்; மணிமேகலையின் பெயர் அதில் எங்கும் இருக்காது.

இதைக் கண்ணால் தேடிப் பிடிக்க முயல வேண்டாம். கம்பைல் செய்யும்போதும் இணைக்கும்போதும் அட்ரஸ் சானிடைசர் கொடியைச் சேர்த்து ஓட்டுங்கள். அது ஒவ்வொரு துண்டின் இரு பக்கமும் தொடக்கூடாத வேலி ஒன்றை வைக்கும். 25ஆம் பைட்டை எழுதிய அதே கணத்தில் நிரலை நிறுத்தி, எந்த வரி எழுதியது, அந்தத் துண்டை எந்த வரி வாங்கியது என்று இரண்டையும் காட்டிவிடும். நிரலின் வேகம் ஏறக்குறைய பாதியாகும். எழுத்து விளையாட்டின் சர்வர் பெரும்பாலான நேரம் யாராவது தட்டச்சு செய்யக் காத்திருக்கும் ஒன்று என்பதால் ஆட்டக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. சோதனைச் சர்வரை எப்போதுமே இப்படி ஓட்டுவதை நான் வலியுறுத்துவேன்.

நினைவகப் பிழை தேடும் இன்னொரு கருவியான வால்கிரைண்டுக்கு மறு கம்பைல் தேவையில்லை. ஆனால் வேகம் பத்து மடங்குக்கும் மேல் குறையும். ஸ்டாக்கில் (செயற்கூறுகள் தம் தற்காலிக மாறிகளை வைக்கும் இடம்) உள்ள அணிகள் (அரே) ஒன்றின் மேல் ஒன்று வழிவதையும் அது பொதுவாகப் பிடிக்காது. இரண்டையும் ஒன்றாக ஓட்ட முடியாது.

## சண்டையில், பலர் ஒன்றாகச் சாகும்போது விழுகிறது

எழுத்து விளையாட்டுகளுக்கே உரிய பிழை என்றால் என்னைக் கேட்டால் இதுதான். என் இரவுகளை அதிகம் தின்றதும் இதுதான்.

அறையில் மூன்று ஓநாய்கள். ஒருவர் அறை முழுக்கத் தாக்கும் தீ மந்திரத்தை ஏவுகிறார். நிரல் அறையின் ஆள்பட்டியலில் முதல் ஓநாயில் தொடங்கி, தாக்கி, அதன் ‘அடுத்து’ சுட்டியைப் பிடித்து நகர்கிறது. முதல் ஓநாய் செத்தால் அதன் நினைவகம் திரும்பிப் போய்விடும். செத்ததன் ‘அடுத்து’ சுட்டியைப் படிப்பது தவறு. இது பலருக்கும் தெரியும். அதனால் தாக்குவதற்கு முன்பே அடுத்தவரைத் தனி மாறியில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

அது போதாது. முதல் ஓநாய் சாகும்போது வெடித்து, பக்கத்தில் இருப்பவரையும் காயப்படுத்தும் என்று விளையாட்டின் அந்தப் பகுதியை எழுதியவர் ஒரு தூண்டுநிரல் வைத்திருக்கிறார். அதில் இரண்டாவது ஓநாயும் சாகிறது. நாம் பத்திரமாக எடுத்து வைத்த ‘அடுத்தவர்’ அந்த இரண்டாவது ஓநாய்தான். சுற்று திரும்பி வரும்போது கையில் இருப்பது பிணம்.

இதில் கொடுமை என்னவென்றால் பெரும்பாலும் அப்போதும் விழாது. திருப்பித் தந்த நினைவகத்தில் பழைய விவரங்கள் அப்படியே கிடக்கும். செத்த ஓநாயை மந்திரம் மறுபடி தாக்கும். அது மறுபடி சாகும். ஃப்ரீ இரண்டாம் முறை நடக்கும். அதனால் சர்வர் விழுவதற்கு வெகு முன்பே ஆட்டக்காரர்களிடமிருந்து துப்பு வந்திருக்கும்: ‘ஒரே ஓநாய்க்கு இரண்டு முறை அனுபவப் புள்ளி வந்தது’, ‘அறையில் இரண்டு பிணம் கிடந்தது’. இத்தகைய புகார் வந்தால் விளையாட்டுச் சமநிலைக் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது நினைவகப் பிழையின் முதல் இருமல்.

விழும்போது ‘அடுத்து’ சுட்டியில்தான் விழும் என்பதற்கும் காரணம் உண்டு. ஜிலிப்சி, தன்னிடம் திரும்பி வந்த துண்டின் முதல் சில பைட்டுகளில் தன் சொந்தக் கணக்கை எழுதிக்கொள்ளும். பழைய மட் நிரல்களில் பட்டியலின் ‘அடுத்து’ சுட்டியே ஸ்ட்ரக்டின் முதல் புலமாக இருப்பது வழக்கம். முதலில் கெடுவது அதுதான்.

அட்ரஸ் சானிடைசர் இதற்கு மூன்று பேக்ட்ரேஸ் தரும்: இப்போது தொட்டவர், முன்பு திருப்பித் தந்தவர், முதலில் வாங்கியவர். நடுவில் உள்ளதைக் கவனமாகப் படியுங்கள். தீ மந்திரத்தின் சுற்று, அதற்குள் சேதம், அதற்குள் சாவு, அதற்குள் தூண்டுநிரல், அதற்குள் மீண்டும் சேதம், மீண்டும் சாவு என்று கதை முழுவதும் அதில் வரிசையாக இருக்கும்.

சுற்றுகளை ஒவ்வொன்றாக ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது. ஒரு நடுத்தர நிரலில் அத்தகைய சுற்றுகள் நூற்றுக்கு மேல் இருக்கும். சாவையே மாற்ற வேண்டும். ஓர் ஆள் செத்தால் உடனே ஃப்ரீ செய்யாதீர்கள். ‘செத்தவர்’ என்ற கொடியை மட்டும் ஏற்றி, அகற்ற வேண்டியவர் பட்டியலில் சேருங்கள். பட்டியல்களிலிருந்து பிரிப்பதும் நினைவகத்தைத் திருப்பித் தருவதும் சர்வரின் பிரதான சுற்று ஒரு முறை முடியும் இடத்தில், வேறு யார் கையிலும் சுட்டி இல்லாத நேரத்தில், ஒரே இடத்தில் நடக்கட்டும். சர்க்கிள் மட்டின் பிற்காலப் பதிப்புகள் இந்த வழிக்குத்தான் வந்தன. சேதம் செய்யும் செயற்கூறின் முதல் வரி ‘இவர் செத்தவரா’ என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் இரட்டைப் புள்ளிப் புகார் நிற்காது. கட்டளையில் சொன்ன பெயருக்கு ஆளைத் தேடும் செயற்கூறும் செத்தவர்களைக் கண்ணில் காட்டக் கூடாது.

அகற்றும் அந்த ஒரே இடத்தில் இன்னொரு வேலையும் உண்டு. ஆளைச் சுட்டிக்கொண்டிருக்கும் மற்றவர்களை எல்லாம் கை விடுவிக்க வேண்டும்: அவரோடு சண்டையிடுபவர், அவரைப் பின்தொடர்பவர், அவர் திரையை எட்டிப் பார்க்கும் நிர்வாகி, அவர்மேல் சவாரி செய்பவர். எல்லோரும் மறக்கும் ஒன்று, கடைசியாகத் தனிச்செய்தி அனுப்பியவருக்குப் பதில் சொல்வதற்காக வைத்திருக்கும் சுட்டி. அனுப்பியவர் வெளியேறி அரை மணி கழித்து இவர் ‘பதில்’ என்று அடிப்பார், சர்வர் விழும். இப்படி நீண்ட நேரம் பிடித்திருக்கும் உறவுகளுக்குச் சுட்டியை விட, மறுபடி பயன்படுத்தப்படாத அடையாள எண் நல்லது. தேவைப்படும்போது எண்ணைத் தேடுங்கள். ஆள் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

## கருவிகள் எல்லாம் ஓட்டியும் எதுவும் அகப்படவில்லை

உங்கள் நிரல் ஃப்ரீயை உண்மையிலேயே அழைக்கிறதா என்று பாருங்கள். மெர்க், ராம் வழிவந்த நிரல்கள் செத்த ஆட்களையும் பொருள்களையும் நூலகத்திடம் திருப்பித் தராமல் சொந்த மறுபயன்பாட்டுப் பட்டியலில் போட்டு வைக்கும். நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் அது நியாயமான முடிவு. ஆனால் அட்ரஸ் சானிடைசரின் கண்ணுக்கு அந்தத் துண்டு இன்னும் உயிரோடு இருக்கும் துண்டுதான். பிணத்தைத் தொட்டாலும் அது வாய் திறக்காது. சோதனைக் கட்டமைப்பில் மறுபயன்பாட்டை அணைத்து, நேராக மாலாக், ஃப்ரீ இரண்டையும் அழைக்கும்படி மாற்றுங்கள். இதைச் செய்த அன்று பத்து வருடப் பிழைகள் வரிசையாக வெளியே வரும். கலங்காமல் ஒவ்வொன்றாக எடுங்கள்.

அணைக்க முடியாத அளவுக்கு நிரல் பின்னிக் கிடந்தால், பட்டியலில் போடும் முன் துண்டு முழுவதையும் பதினாறடிமான 66ஆல் நிரப்புங்கள். அடுத்த முறை ஜிடிபியில் 6666666666666666 என்ற சுட்டியைப் பார்த்ததுமே பிணம் என்று தெரிந்துவிடும். 64 பிட் எக்ஸ்86இல் அது செல்லுபடியாகாத முகவரி என்பதால் தொட்ட இடத்திலேயே விழவும் செய்யும்.

## ஜிடிபியில் ஓட்டினால் விழவில்லை; ஒரு அச்சு வரி சேர்த்தால் மறைந்துவிடுகிறது

மதிப்பு கொடுக்காத மாறி என்று முதலில் சந்தேகியுங்கள். மாலாக் தரும் நினைவகம் சுத்தமாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. ஸ்ட்ரக்டில் புதுப் புலம் சேர்த்தவர், ஆளை உருவாக்கும் செயற்கூறில் அதற்கு மதிப்பு கொடுக்க மறந்திருப்பார். புதிதாகத் தொடங்கிய சர்வரில் நினைவகம் பூஜ்ஜியமாக இருக்கும், எல்லாம் சரியாக நடக்கும். சில மணி நேரம் ஓடி, பழைய துண்டுகள் மறுபடி வரத் தொடங்கிய பிறகே விழும். அட்ரஸ் சானிடைசர் இதைப் பிடிக்காது. இங்கே வால்கிரைண்ட்தான் ஆள். மூலத்தைத் தேடிக் காட்டும் விருப்பத்தையும் சேர்த்து ஓட்டினால் மதிப்பில்லாத பைட் எங்கே பிறந்தது என்று சொல்லும். ஸ்ட்ரக்டுகளுக்கு மாலாக்கை விட்டு, பூஜ்ஜியமாக்கித் தரும் ‘கேலாக்’கைப் பழகிக்கொள்ளுங்கள்.

ஜிடிபி தன்னுள் ஓடும் நிரலுக்கு முகவரிகளைக் குலைத்து வைப்பதை இயல்பாகவே அணைத்துவிடும்; அதனாலும் பிழை ஒளிந்துகொள்ளும். அந்த அமைப்பைத் திருப்பி இயக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

32 பிட் காலத்து நிரலை 64 பிட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். அறிவிப்பு இல்லாமல் அழைத்த செயற்கூறு ‘இன்ட்’ தருவதாகப் பழைய கம்பைலர்கள் எடுத்துக்கொள்ளும். அது தரும் சுட்டியின் மேற்பாதி வெட்டுப்பட்டுவிடும். 2024இல் வந்த ஜிசிசி 14 முதல் இது பிழையாகவே நிற்கும். அதற்கு முந்தையது என்றால் எச்சரிக்கையைப் படியுங்கள். இரண்டாவது, மாறும் எண்ணிக்கையிலான அளபுருக்களைப் பதிவேட்டுக்கு ஒரு முறை, நிர்வாகிகளுக்கு ஒரு முறை என்று இருமுறை பயன்படுத்தும் செயற்கூறுகள். ‘விஏ காப்பி’ எடுக்காமல் இரண்டாம் முறை பயன்படுத்தினால் 32 பிட்டில் தப்பியது இங்கே தப்பாது.

## பேக்ட்ரேஸ் முடிவில்லாமல் நீள்கிறது

ஒரே செயற்கூறு ஆயிரக்கணக்கில் அடுக்கி நின்றால் ஸ்டாக் தீர்ந்துவிட்டது; லினக்ஸில் அது வழக்கமாக 8 மெகாபைட். பையைத் திறந்து அதற்குள் அதே பையைப் போட முடிகிறதா என்று பாருங்கள். பை அ, பை ஆவுக்குள். பை ஆ, பை அவுக்குள் என்ற சுற்றுவழியையும் தடுக்க வேண்டும். எடையைக் கூட்டும் செயற்கூறு அந்த வளையத்தில் நிற்காமல் சுற்றும். ஒருவரையொருவர் பின்தொடரும் இருவர், ஒன்றையொன்று எழுப்பும் இரண்டு தூண்டுநிரல்கள் ஆகியவையும் இதே இனம்.

## விழுக்காட்டுக் குறியைத் தட்டினால் விழுகிறது

ஆட்டக்காரர் எழுதியதையே வடிவச் சரமாக ‘பிரின்ட்எஃப்’ குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இது விழுகை மட்டும் அல்ல, பாதுகாப்பு ஓட்டை. இன்றே மூடுங்கள். கம்பைலரின் வடிவப் பாதுகாப்பு எச்சரிக்கையை இயக்கினால் மிச்ச இடங்களையும் காட்டும்.

## நாள்பட மெதுவாகி, கோர் கோப்பு இல்லாமல் மறைந்துவிடுகிறது

வெளியேறிய எண் 137 என்றேனே, அது இதுதான். வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராத கசிவு. அட்ரஸ் சானிடைசரோடு வரும் கசிவு கண்டறியும் பகுதி, நிரல் முறையாக முடியும்போது பட்டியல் தரும். எனவே சர்வரை முறையாக நிறுத்தும் கட்டளை ஒன்று இருக்க வேண்டும். பெயர் மாற்றும்போது பழைய பெயரை ஃப்ரீ செய்யாததுபோன்ற சிறு கசிவுகள் பட்டியலில் முதலில் நிற்கும்.

## இன்னும் அகப்படாதபோது

எந்தப் புலம் கெடுகிறது என்று தெரிந்து, யார் கெடுக்கிறார்கள் என்று தெரியாவிட்டால், ஜிடிபியில் அந்த முகவரியின் மேல் ‘வாட்ச்’ வையுங்கள். எக்ஸ்86 செயலியிலேயே இதற்கு நான்கு காவல் இடங்கள் இருப்பதால் நிரலின் வேகம் குறையாது. ‘ஆர்ஆர்’ என்ற பதிவுக் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது: விழுந்த இடத்திலிருந்து காலத்தைப் பின்னோக்கி ஓட்டி, அந்த பைட் கடைசியாக மாறிய கணத்தில் போய் நிற்கலாம்.

ஆட்டக்காரர்களின் கட்டளைகளை நேரத்தோடு பதிவு செய்து வையுங்கள். தனிச்செய்திகளின் உள்ளடக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். விழுவதற்கு முந்தைய பத்து நிமிடத்தைச் சோதனைச் சர்வரில் மறுபடி ஓட்டினால் திருத்தத்துக்கு முன் விழ வேண்டும், பின் விழக் கூடாது. பெயர்ப் பிழைக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஸ்கிரிப்ட் ஒவ்வோர் இரவும் 1 முதல் 24 குறியீடு வரையான தமிழ்ப் பெயர்களோடு உள்ளே நுழைந்து வெளியேறும். 24, 72 பைட் எல்லைகளை அது தானாகவே தொட்டுவிடும். 40க்கும் 56க்கும் மூன்றின் மடங்கு பொருந்தாது என்பதால் 13 குறியீட்டோடு ஓர் இலக்கமும், 18 குறியீட்டோடு இரண்டு இலக்கங்களும் சேர்த்த பெயர்களைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.